பதினைந்து நாள் கெடு



கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்கு ஊர் வந்திருந்த நம் பங்கின் இளைஞர் ஒருவர் பங்கு இல்லத்தில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். கணிப்பொறித் துறையில் அவருக்கு வேலை. பேச்சு செயற்கை அறிவின் பக்கம் திரும்பிற்று. "சாமி, மருந்து விற்கிறவனுக்கு உரிமம் வேண்டும், லாரி ஓட்டுகிறவனுக்கு உரிமம் வேண்டும். இத்தனை பெரிய இயந்திரத்தைச் செய்கிறவனை மட்டும் யாரும் ஒன்றும் கேட்பதில்லையே, ஏன்?" என்றார். "கேட்கத் தொடங்கிவிட்டார்கள், தம்பி" என்று சொல்லி, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நடந்ததை விளக்கினேன். அதையே இம்மாதம் உங்களுக்கும் எழுதுகிறேன்.

அம்மாநிலத்தின் தலைநகர் சாக்ரமெண்டோ. அங்குள்ள ஆற்றுக்கு ஸ்பானியர் இட்ட பெயர் அது. திருவருட்சாதனம் என்று பொருள். அந்நகரில் இயற்றப்படும் சட்டத்தை உலகமே கவனிப்பதற்குக் காரணம் உண்டு. ஓபன்ஏஐ, கூகுள், மெட்டா, ஆந்த்ரோபிக் ஆகிய நிறுவனங்களுக்கெல்லாம் தலைமையிடம் அம்மாநிலமே.

2024-ஆம் ஆண்டில் ஸ்காட் வீனர் என்னும் செனட்டர் 1047 என்ற எண்ணுள்ள மசோதாவைக் கொண்டுவந்தார். பத்துக் கோடி டாலருக்கு மேல் செலவிட்டு, ஒன்றுக்குப் பின் இருபத்தாறு சுழிகள் இட்டால் வரும் எண்ணிக்கைக்கும் மேற்பட்ட கணக்குகளைச் செய்வித்துப் பயிற்றப்படும் இயந்திர அறிவுகளுக்கே அது பொருந்தும். ஏன் இந்த விசித்திரமான அளவுகோல் என்று கேட்பீர்கள். ஓர் இயந்திர அறிவு எவ்வளவு வல்லது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல இயலாது. அதைப் பயிற்றுவதற்கு எவ்வளவு கணக்கு வேலை நடந்தது என்பதையோ எண்ணிவிடலாம். அறிவை நேராக அளக்க முடியாதபோது, அது உண்ட தீனியை அளக்கிறார்கள். அத்தகைய இயந்திரத்தைச் செய்வோர் முன்கூட்டியே பாதுகாப்புத் திட்டம் வகுக்க வேண்டும். வேண்டும்போது அதனை முற்றிலும் நிறுத்தும் வழி வைத்திருக்க வேண்டும். வெளியார் தணிக்கைக்கு உட்பட வேண்டும் என்றது மசோதா.

எதிர்ப்பு பலமாக எழுந்தது. நிறுவனங்கள் மட்டும் எதிர்த்தன என்று எண்ண வேண்டாம். அறிஞர்களே இரு அணியாயினர். இத்துறையின் முன்னோடிகளான ஜெப்ரி ஹிண்டனும் யோசுவா பெஞ்சியோவும் மசோதாவை ஆதரித்தனர். அதே துறையில் புகழ்பெற்ற பெய்பெய் லீ எதிர்த்தார். இரு அவைகளிலும் நிறைவேறிய அம்மசோதாவை ஆளுநர் கேவின் நியூசம் 2024 செப்டம்பர் 29 அன்று திருப்பி அனுப்பிவிட்டார். பெரியவற்றை மட்டும் கட்டுப்படுத்தினால் மக்களுக்குப் பொய்யான நிம்மதியே உண்டாகும், சிறியவையும் ஆபத்து விளைவிக்கக்கூடும் என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் சிறு திருடனையும் பிடிக்க வேண்டும் என்பதற்காகப் பெரிய திருடனை விட்டுவைப்பது என்ன நியாயம் என்று எனக்கு அப்போது தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது.

சரியாக ஓராண்டு கழித்து, 2025 செப்டம்பர் 29 அன்று, அதே ஆளுநர் அதே செனட்டரின் வேறொரு மசோதாவில் கையொப்பமிட்டார். 53 என்ற எண்ணுள்ள அச்சட்டம் 2026 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. முந்தியதைவிட இது மென்மையானது. நிறுத்தும் வழி வேண்டும் என்ற விதியும், வெளியார் தணிக்கை வேண்டும் என்ற விதியும் இதில் இல்லை. ஆண்டு வருமானம் ஐம்பது கோடி டாலருக்கு மேற்பட்ட நிறுவனங்கள், பேராபத்தை எவ்வாறு கணித்துத் தடுக்கப்போகின்றன என்பதை எழுதி ஊரறிய வெளியிட வேண்டும். பேராபத்து என்றால் என்ன என்பதற்கும் சட்டத்தில் வரையறை உண்டு: ஐம்பது பேருக்கு மேல் இறப்பு அல்லது கடுங்காயம், அல்லது நூறு கோடி டாலருக்கு மேல் சேதம். ஆபத்தான நிகழ்ச்சி ஏதும் நேர்ந்தால் பதினைந்து நாளுக்குள் மாநில அவசரகாலப் பணி அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து எனில் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள். தவறினால் ஒரு மீறலுக்குப் பத்து இலட்சம் டாலர் வரை அபராதம்.

இளைஞர் நகைத்தார். "ஐம்பது கோடி வருமானம் உள்ளவனுக்குப் பத்து இலட்சம் என்ன சாமி? டீக்கடைக் கணக்கல்லவா?" என்றார். எனக்கு மறுமொழி தோன்றவில்லை. அபராதம் சிறிது என்பதே என் எண்ணமும்.

ஆனால் இச்சட்டத்தில் நான் பெரிதாக மதிப்பது அபராதத்தை அன்று. உள்ளிருந்து உண்மை பேசுகிறவனுக்குத் தரும் காவலை. இதன் அருமை விளங்க, 2024 மே மாதம் வெளிவந்த செய்தியை நினைவுகூர வேண்டும். ஓபன்ஏஐ நிறுவனத்தைவிட்டு விலகுவோர், நிறுவனத்தைக் குறைகூறுவதில்லை என்று ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டியிருந்தது. மறுத்தால் அதுவரை உழைத்து ஈட்டிய பங்குகளையே இழக்க நேரலாம் என்ற நிலை. செய்தி வெளியானதும் நிறுவனத் தலைவர் வருத்தம் தெரிவித்தார். அந்த நிபந்தனையும் கைவிடப்பட்டது. அடுத்த மாதமே, இத்தகைய நிறுவனங்களில் பணிபுரிவோரும் முன்னர்ப் பணிபுரிந்தோரும் பதின்மூவர் கூடி, எச்சரிக்கும் உரிமை எங்களுக்கு வேண்டும் என்று பகிரங்கக் கடிதம் எழுதினர். அவர்களுள் சிலர் பெயரையும் வெளியிடவில்லை.

எண்ணிப்பாருங்கள். மாதச் சம்பளத்தையும் பல ஆண்டுச் சேமிப்பையும் ஒருபுறமும், மனச்சான்றை மறுபுறமும் வைத்து ஒரு குடும்பத் தலைவனை நிறுத்தினால், அவன் எதைத் தெரிந்துகொள்வான்? வீரனாயிருந்தால் பேசுவான். எல்லாரும் வீரராயிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது சட்டத்துக்கு அழகன்று. புதிய சட்டம் அவன் வாயைக் கட்டும் விதிகளைத் தடுக்கிறது. பெரிய நிறுவனங்கள் பெயர் கூறாமலே புகார் செய்ய உள்வழி அமைக்க வேண்டும் என்கிறது. இக்காவல் எல்லாத் தொழிலாளருக்கும் இல்லை, ஆபத்துகளை மதிப்பிடும் பொறுப்பில் உள்ளோருக்கே என்பது ஒரு குறை.

மென்மையான சட்டத்தால் பயன் என்ன என்று கேட்போருக்கு அமெரிக்காவின் பழைய கதை ஒன்று உண்டு. 1838 ஏப்ரலில் சின்சினாட்டி நகருக்கருகே ‘மோசெல்’ என்ற நீராவிப் படகின் கொதிகலன்கள் வெடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முன்னும் வெடிப்புகள் பல; பிலடெல்பியாவின் பிராங்க்ளின் கழகம் அரசுப் பணத்தில் காரணங்களை ஆராய்ந்தும் இருந்தது. எனினும் தனியார் தொழிலில் அரசு தலையிடலாமா என்ற தயக்கம் நீங்கவில்லை. அவ்வாண்டு ஜூலையில் வந்த முதற் சட்டம், கொதிகலன்களைச் சோதிக்க வேண்டும் என்றது. எவ்வாறு சோதிப்பது என்று சொல்லவில்லை. சோதிப்பவருக்குக் கூலி கொடுப்பவரோ படகுச் சொந்தக்காரர்! படகுகள் தொடர்ந்து வெடித்தன. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1852-இல்தான் நீரழுத்தச் சோதனை, இயந்திரம் இயக்குவோருக்கு உரிமம், மேற்பார்வையாளர் ஒன்பதின்மர் என்று பல்லுள்ள சட்டம் பிறந்தது. அதன் பின்னும் 1865-இல் ‘சுல்தானா’ வெடித்து ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

கலிபோர்னியாவின் 53 எனக்கு 1838-ஆம் ஆண்டுச் சட்டத்தையே நினைவூட்டுகிறது. இடையில் எத்தனை ‘மோசெல்’ என்பதே என் கவலை.

நம் திருத்தந்தை பதினான்காம் லியோ, 2025 மே 10 அன்று கர்தினால்மாரிடம் பேசுகையில், தாம் இப்பெயரைத் தெரிந்துகொண்டதற்கு இதனோடு தொடர்புள்ள காரணத்தையே சொன்னார். நம் முன்னோர் பதின்மூன்றாம் சிங்கராயர் என்று அழைத்த திருத்தந்தை, 1891-இல் தொழிலாளரைக் குறித்துச் சுற்றுமடல் எழுதினார்; அது ஆலைகளின் காலம். செயற்கை அறிவின் காலத்திலும் மனித மாண்பும் நீதியும் உழைப்பும் காக்கப்பட வேண்டும் என்றார் இன்றைய திருத்தந்தை. ஆலைச் சட்டங்களையும் அக்கால முதலாளிகள் தொழிலை அழிப்பவை என்றே எதிர்த்தனர்.

இதற்கிடையில் மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் இழுபறி. மாநிலங்கள் பத்தாண்டுகளுக்கு இத்தகைய சட்டம் இயற்றலாகாது என்ற ஏற்பாட்டை 2025 ஜூலை முதல் நாள் அமெரிக்கச் செனட் 99-க்கு 1 என்ற வாக்கில் நீக்கிற்று. டிசம்பரில் குடியரசுத் தலைவர் டிரம்ப், மாநிலச் சட்டங்களை நீதிமன்றத்தில் எதிர்க்கத் தனிக்குழு அமைக்குமாறு ஆணையிட்டார். அதே மாதம் நியூயார்க் ஆளுநர் தம் மாநிலச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அங்கே கெடு பதினைந்து நாளன்று. எழுபத்திரண்டு மணி நேரம்.

விடைபெறும்போது இளைஞர், "அந்த அறிக்கைகளை நாம் படிக்க முடியுமா, சாமி?" என்று கேட்டார். அறிக்கைகள் அப்படியே வெளிவரா. பெயர்களை நீக்கிய தொகுப்பு ஒன்றை அவசரகால அலுவலகம் 2027 முதல் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பது விதி. காட்டுத் தீயையும் நிலநடுக்கத்தையும் கவனிக்கும் அதே அலுவலகந்தான். முதற்தொகுப்பு வந்ததும் எனக்கு ஒரு படி அனுப்புவதாகச் சொல்லிச் சென்றிருக்கிறார்.