ஒரு சோறு பதமா?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற பழமொழியைப் போல் ஆராய்ச்சியாளர்களுக்குச் சௌகரியமானது வேறொன்றில்லை. ஓர் ஊரில் நாலு பேரைப் பார்த்துப் பேசிவிட்டு நாட்டுக்கே தீர்ப்புச் சொல்லுகிறவர்கள் இதைத்தான் கேடயமாகப் பிடிக்கிறார்கள். எதிர்க்கட்சிக்காரர்களோ, பத்தாயிரம் படிவங்களை நிரப்பினாலொழிய எதுவும் உண்மையில்லை என்று சாதிக்கிறார்கள். இரு கட்சியாருமே சோறு வடித்து அறியாதவர்கள் என்பது என் அபிப்பிராயம்.

அடுப்பங்கரையில் கேட்டுப் பாருங்கள். ஒரே அரிசி, ஒரே உலை, நன்றாகக் கிளறிவிட்ட பானை என்றால்தான் ஒரு பருக்கை போதும். பழைய அரிசியும் புது அரிசியும் கலந்திருந்தால் பல பருக்கைகளை எடுத்து நசுக்கிப் பார்க்க வேண்டும்.

ஓசூர் அப்படிக் கலந்த பானை. 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு பக்கம் மாந்தோப்பு, இன்னொரு பக்கம் ராகிக் கொல்லை, ஓசூரிலோ லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் செய்கிற தொழிற்சாலைகள். அத்திப்பள்ளியில் கால் வைத்தால் கர்நாடகம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று பேசுகிற மனிதர் இங்கே சர்வசாதாரணம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவருடைய தாய்மொழியையும், அதற்குமேல் தெரிந்த இரண்டு மொழிகளையும் குறித்துக்கொள்கிறது. நல்ல காரியம்தான். எந்த மொழிக்கு எத்தனை வாத்தியார் வேண்டும் என்று முடிவு செய்ய அந்தக் கணக்கு இல்லாமல் தீராது. ஆனால் மேஸ்திரியிடம் லீவு கேட்கும்போது அவர் வாயில் எந்த மொழி வருகிறது, எந்த மொழியில் கேட்டால் லீவு கிடைக்கிறது என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. அதை அறிய அவரோடு பல நாள் பழக வேண்டும்.

பழகியவர்கள் உண்டு. 1916இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கொண்டு இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான் முதலிய ஊர்களை ஆராயச் செய்தார். 1918இல் அது நூலாக வந்தது. 1936–37இல் அதே ஊர்களுக்கு வேறு ஆட்கள் மறுபடி போனார்கள். அதற்குப் பிறகும் போனார்கள். இந்த முறையின் பெருமை இங்கேதான் இருக்கிறது. ஓர் ஊரை விடாமல் திரும்பத் திரும்பப் பார்த்தால், நிலம் எப்படிக் கைமாறிற்று, கூலி எதனால் ஏறிற்று என்று காரணத்தோடு சொல்ல முடியும். பலவீனமும் அங்கேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் கல்லூரிப் படி ஏறியவர்கள் பெரும்பாலும் நிலமுள்ள வீட்டுப் பிள்ளைகள். எஜமானர் வீட்டுப் பிள்ளை நோட்டுப் புத்தகத்தோடு எதிரே நின்றால் பண்ணையாள் என்ன சொல்லியிருப்பார்?

மைசூர்ப் பக்கத்தில் ராம்புரா என்று தாம் பெயரிட்ட கிராமத்தில் 1948இல் தங்கிய எம்.என். ஸ்ரீநிவாஸைப் பாருங்கள். சீர்செய்து வைத்திருந்த குறிப்புகள் 1970இல் ஸ்டான்போர்டில் தீக்கிரையாகிவிட, நினைவைக் கொண்டே எழுதி 1976இல் புகழ்பெற்ற நூலாக்கினார். தாழ்த்தப்பட்டவர்களோடு தமக்குப் பழக்கம் போதாமல் போனதை அவரே ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைதான் நூலுக்கு மதிப்பு.

இன்று அந்த நேர்மையையும் காணோம், பொறுமையையும் காணோம். பன்னிரண்டு பெண் தொழிலாளர்களைக் கம்பெனி அறையிலேயே உட்காரவைத்து, வாசலில் சூப்பர்வைசர் நிற்க, ஒரு மணி நேரம் பேசவைத்து, அதற்குக் ‘குழுக் கலந்துரையாடல்’ என்று பெயர் சூட்டினால் ஆராய்ச்சியாகிவிடுமா? அந்தப் பெண்கள் சிரித்தார்கள் என்பதற்காக விடுதியில் குறையில்லை என்று எழுதினால், குறையோடு தூங்கப் போகிறவர்கள் அவர்களல்லவா?

மறுபுறம், ஒரு பெண் துணிந்து உண்மை சொன்னால், “இது ஒரே ஒரு கேஸ்தானே?” என்று கேட்கிறார்கள். இது தர்க்கமே அல்ல. எத்தனை பேருக்கு இப்படி நேர்ந்தது என்பதை அந்த ஒருத்தியின் கதை சொல்லாது, உண்மைதான். ஆனால் “இங்கே அப்படி நடப்பதே இல்லை” என்ற வாக்கியத்தை உடைக்க, விசாரித்து உறுதிசெய்த ஒரு கதை போதும். எப்படி நடந்தது, யார் பார்த்தும் பேசாதிருந்தார்கள் என்பதையும் அதுதான் சொல்லும். அந்த விவரம் எந்தச் சதவிகிதத்திலும் அகப்படாது.

நான் கதை எழுதுகிறவன். தெரியாத இடத்தைக் கற்பனையால் நிரப்பிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. ஆராய்ச்சியாளருக்கு அது இல்லை. ஆகவே அவரை மூன்று கேள்விகள் கேட்கிறேன். எந்த மொழியில் பேசினீர்கள்? அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்? மறுபடி எப்போது போனீர்கள்? இவற்றுக்குப் பதில் இல்லாத அறிக்கையை எந்த அதிகாரியும் கையில் வாங்கக்கூடாது. பதில் இருந்தால், அதன் பிறகு கணக்கெடுப்பவரை அழையுங்கள். எதை எண்ண வேண்டும் என்பது அப்போதுதான் அவருக்கும் தெரியும்.