வயதைக் காட்டித் தட்டிக்கழிக்காதீர்கள்

“வயசாயிடுச்சில்ல, அப்படித்தான் இருக்கும்.” ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும், மறதிக்காகப் பெரியவர்களை அழைத்துப்போகும் குடும்பங்கள் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பதில் இது. இதற்குப் பெயர் மருத்துவம் அல்ல, கைகழுவல். வன்மையாகக் கண்டிக்கிறோம்.

வயதானால் மூளை நிதானமாகத்தான் ஓடும். தெரிந்தவர் பெயர் நாக்கு நுனிவரை வந்து நிற்கும், சற்றுக் கழித்துத் தானாக வரும். கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேட நேரும். ஆனால், கேட்ட கேள்வியையே பத்து நிமிடத்துக்குள் மூன்று முறை கேட்பதும், காலமெல்லாம் நடந்த தெருவில் வீடு தெரியாமல் நிற்பதும் அந்தக் கணக்கில் சேராது. அது நோயின் அறிகுறி. தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் இதே வேடத்தில் வரும். கண்டுபிடித்தால் சிகிச்சை உண்டு. ஒரு ரத்தப் பரிசோதனைகூட எழுதித் தராமல், வயதைச் சொல்லித் திருப்பி அனுப்ப யாருக்கு உரிமை?

பரிசோதிக்கும் இடங்களிலும் கோளாறு இருக்கிறது. இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், கடிகாரம் வரையுங்கள் என்கிறார்கள். பென்சிலே பிடிக்காத ஒரு மூதாட்டி, மூளை நன்றாக இருந்தும் இதில் தோற்பார். மறுபக்கம், காசிமேட்டில் வலை முடையும் முதியவரைப் பாருங்கள். கைப்பழக்கத்தின் நினைவு மற்ற நினைவுகளைவிடத் தாமதமாகவே தேயும். வலை ஊசியைக் கொடுத்தால் அறுந்த கண்ணிகளை வரிசை தப்பாமல் முடிச்சிடுவார். காலையில் சாப்பிட்டாரா என்றால் விழிப்பார். “வேலையெல்லாம் கரெக்டா செய்றாரே” என்று வீடும் ஏமாறும், அவசரத்தில் பார்க்கும் மருத்துவரும் ஏமாறுவார். மீன்பிடித் தடைக்காலம் எப்போது தொடங்கும், நேற்று என்ன மீன் வந்தது என்று கேட்டால் போதும், விஷயம் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

இது நம் கற்பனை யோசனை அல்ல. பள்ளிக்குப் போகாதவர்களைத் தவறாக நோயாளி ஆக்கிவிடாத பரிசோதனை முறையை ‘10/66’ என்ற பன்னாட்டு ஆய்வுக் குழு உருவாக்கி, 2003இல் வெளியிட்டது. அதன் களங்களில் இந்தச் சென்னையும் ஒன்று. இருபது ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்த அறிவு ஆரம்ப சுகாதார நிலையத்தின் படியேறவில்லை என்றால் என்ன சொல்வது! இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிசோதனைத் தொகுப்போ இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் வந்தது. தமிழ் அதில் இல்லை. முதியோர் மருத்துவத்துக்கு 1978இலேயே அரசுப் பொது மருத்துவமனையில் தனிப் பிரிவு கண்ட நகரம் இது. வெட்கப்பட வேண்டியவர்கள் வெட்கப்படட்டும்.

நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. ‘லான்செட்’ ஆணையம் 2024இல் 14 அபாயக் காரணிகளைப் பட்டியலிட்டு, அவற்றைச் சரிசெய்தால் பாதிப்பில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. படிப்பின்மை, காது கேளாமை, ரத்த அழுத்தம், சர்க்கரை, காற்று மாசு... பட்டியலைப் படித்தால் வடசென்னையை ஒருமுறை சுற்றிவந்த மாதிரி இருக்கிறது. மணலியை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இலேயே கடும் மாசுப் பகுதி என்று அறிவித்தது. இயந்திர இரைச்சலால் காது போவது, தொழிற்சாலைகள் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோய். ஷிப்டு ஷிப்டாக இரைச்சலில் நின்று ஓய்வுபெற்றவர்கள் இன்று டிவியை அலறவிட்டு உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களில் எத்தனை பேரைப் பற்றி ஆலைகள் அறிக்கை கொடுத்தன? தொழிலக ஆய்வாளர்கள் கணக்கை வெளியிடட்டும். காது மங்கியவர் பேச்சைக் குறைப்பார், பேச்சு குறைந்தால் ஆள் தனிமைப்படுவார். தனிமையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

கிண்டியில் 2024 பிப்ரவரியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. நல்லது. ஆனால் வழி மறந்த ஒருவரை எண்ணூரிலிருந்து நகரத்தின் மறுகோடிக்கு, கூலி வேலையை விட்டுவிட்டு யார் கூட்டிப்போவது?

வீட்டுக்கே போகும் ஆள்கள் அரசிடம் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். அதே வருகையில் நினைவையும் காதையும் சோதிக்க அவர்களுக்குப் பயிற்சியும், அந்தக் கூடுதல் வேலைக்குத் தகுந்த ஊக்கத்தொகையும் கொடுங்கள். சந்தேகம் எழுந்தால் தைராய்டு, பி12 பரிசோதனை கட்டாயம் என்று ஆணையிடுங்கள். ஸ்டான்லி மருத்துவமனையில் வாரத்தில் ஒரு நாளாவது, வடசென்னை முதியோரின் மறதிக்கென்றே நேரம் ஒதுக்கி, அதைச் சுகாதார நிலையங்களின் வாசலில் எழுதி ஒட்டுங்கள்.

செப்டம்பர் 21 உலக அல்சைமர் நாள். மெரினாவில் தொப்பி போட்டு விழிப்புணர்வு நடைப்பயணம் போகுமுன் சுகாதாரத் துறை இதற்கான அரசாணையை வெளியிட வேண்டும்.