பிழைத்த பிள்ளை நடக்க வேண்டாமா?

கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்கு வரும் ஏ-4 நெடுஞ்சாலை மகரகமவைத் தொட்டே வருகிறது. நாட்டின் முதன்மையான புற்றுநோய் வைத்தியசாலை, இன்று அபேக்ஷா என்னும் பெயரில், அங்கேதான் இருக்கிறது. பலாங்கொடையிலும் காவத்தையிலும் இறக்குவானையிலும் பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய் எனக் கேட்டுக் கலங்கிய தாய்மார் அந்தச் சாலையை நன்கறிவர். எட்டியாந்தோட்டை, தெரணியகலைத் தோட்டத்தாரும் அவிசாவளைக்கு இறங்கி அதையே பிடிக்கின்றனர். 1976 வரை களனிவெளி ரயிலும் இரத்தினபுரியை மகரகமவோடு இணைத்திருந்தது. அவிசாவளைக்கு அப்பால் அதை மூடிய ஆட்சியாளர், நோயுற்ற பிள்ளையோடு பயணம் செய்யும் தோட்டத்துத் தாயை நினைத்துப் பார்த்திருக்கமாட்டார்கள்.

அரசாங்க வைத்தியசாலைக் கட்டிலுக்கு ஏழையிடம் கட்டணம் கேட்பதில்லை. இந்நாடு பெற்ற பேறுகளுள் அது தலையாயது; அதைக் குறைகூற நாம் எழுதவில்லை. இரண்டாண்டுக்கு மேல் நீளும் சிகிச்சையைத் தாங்கி உயிர் தப்பிய பிள்ளை லயத்துக்குத் திரும்பிய பின் அதன் கதி என்ன என்பதே நமது கேள்வி.

இந்நோய்க்குக் கொடுக்கும் மருந்துகளுள் ஒன்று வின்கிறிஸ்டீன். நம் லயத்து வாசலிலும் கோயிலோரத்திலும் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வருவது அது. உயிர் காக்கும் அம்மருந்தே கை கால்களின் நரம்புகளைத் தளர்த்தியும் விடுகிறது. பாதத்தின் முன்பகுதி தொங்குகிறது. நடக்கையில் கால்விரல் தரையில் தட்டுகிறது. பென்சிலைப் பிடிக்கவும் சட்டைப் பொத்தானைப் பூட்டவும் விரல்கள் மறுக்கின்றன. கூடவே கொடுக்கப்படும் ஸ்டீரொயிட் மருந்து தொடைத் தசையை மெலிவிக்கிறது; குந்தியிருந்த பிள்ளை எழ முடியாமல் கையூன்றுகிறது. இவற்றுட் பெரும்பாலானவை காலப்போக்கிற் குறையக்கூடியவை. ஆயினும் நாள்தோறும் காலை நீட்டிப் பயிற்றாவிடில் குதிகால் நரம்பு இறுகிவிடும். பின் அதை நெகிழ்த்துவது பெரும்பாடு. மருந்து கொடுத்தவர் பொறுப்பு முடிந்த இடத்தில் இயன்மருத்துவர் பொறுப்பு தொடங்குகிறது.

உடல் மட்டுமா? ஊசிக்கும் வெள்ளைச் சட்டைக்கும் அஞ்சி அஞ்சிப் பேச்சை அடக்கிக்கொண்ட பிள்ளைக்குப் படம் வரைவதும் பாட்டும் பொம்மையாட்டமும் மருந்தோடு மருந்தாகும் என்பதை உலகம் எப்போதோ ஏற்றுக்கொண்டது. காசநோய் நிலையத்தில் கிடந்து வரைந்து தேறிய ஆங்கில ஓவியர் ஏட்ரியன் ஹில், 1942இலேயே இதற்கு ஓவியச் சிகிச்சை எனப் பெயரிட்டார். செல்வர் வீட்டுப் பிள்ளைக்கான பொழுதுபோக்கென இதை ஒதுக்குவோரும் உளர். 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைச் சமவாயத்தை அவர்கள் படிக்கட்டும். விளையாட்டும் கலையும் சிறுவரின் உரிமை என அதன் 31ஆம் உறுப்புரை கூறுகிறது. இலங்கை 1991இல் அதை ஏற்று உறுதிப்படுத்திய நாடு.

இனி, தோட்டத்துக்கு வருவோம். மாதந்தோறும் கிளினிக்குக்கு ஒரு நாள், காலுக்கான பயிற்சிக்கு வேறொரு நாள் என்றால், அந்நாட்களில் தாய்க்குச் செக்ரோலில் பேர் விழாது. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபாயாயிற்று. 2025 நவம்பரில் வாசித்த வரவுசெலவுத் திட்டம் அதை 1550 ஆக்கி, வேலைக்கு வரும் நாளுக்கு 200 ரூபாய் ஊக்கப்படியும் சேர்க்க முன்மொழிந்தது. வரவேற்கிறோம். ஆனால் வருகைக்குப் படி என்பது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போனவளுக்கு இரட்டை இழப்பு. பஸ் கட்டணமும் சேர்த்தால், உயிருக்கு ஆபத்தில்லாத நடைப்பயிற்சியே முதலில் கைவிடப்படும். அத்தாயைக் குற்றஞ்சாட்ட எவருக்கும் தகுதியில்லை.

மொழி அடுத்த தடை. சப்பிரகமுவத் தோட்டத்து மக்கள் சிங்களம் பேசுவார்களே என்பர். பேசுவார்கள், சந்தைக்கும் பஸ்ஸுக்கும் அது போதும். கணுக்காலை எவ்வளவு மடக்குவது, வலி எந்த அளவுக்கு வந்தால் நிறுத்துவது என்பதைத் தாய்மொழியிற் கேட்டாலன்றி எந்தத் தாயும் துணிந்து பிள்ளையின் காலைத் தொடமாட்டாள். சிங்களம் நிருவாக மொழியாயுள்ள இடத்திலும் அரசாங்க அதிகாரியோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை 1988இன் பதினாறாம் திருத்தம் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் தந்திருக்கிறது. பயிற்சித் தாளைத் தமிழில் அச்சடிக்குமாறு கேட்பது சலுகை கேட்பதன்று.

கட்டடம் இல்லை என்று சாக்குச் சொல்லவும் இடமில்லை. தோட்டங்களில் பிள்ளைக் காம்பரா உண்டு. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. இரத்தினபுரி, கேகாலை வைத்தியசாலைகளின் இயன்மருத்துவர்கள் அப்பெண்களுக்குத் தமிழில் சில நாட்கள் பயிற்சியளித்து, மாதம் ஒரு முறை தோட்டப் பக்கம் வந்து பார்த்தாற் போதும். மற்றவை நம்மிடமே உள்ளன. பல்லாங்குழியில் ஒவ்வொரு கொட்டையாக எடுத்துப் போடும் பிள்ளை, தளர்ந்த விரலை அறியாமலே பயிற்றுகிறது. தப்பின் தாளத்துக்குக் காலடி வைப்பது, வெறுமனே “நட, நட” என்று அதட்டுவதைக் காட்டிலும் எளிது. காமன் கூத்துப் பழகும் அண்ணன்மார் மாலையில் அரைமணி நேரம் தரமாட்டார்களா? ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: இரத்த அணு குறைந்திருக்கும் காலத்தில் விழுந்தெழும் ஆட்டம் ஆகாது, கூட்டத்தில் தொற்றும் வரும். வைத்தியர் சொன்ன பிறகே எதுவும்.

இப்பிள்ளைகளைப் பற்றி நாமும் பேசியதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். சட்டம் படித்தவர்களும் சங்கம் நடத்துவோரும் மேடையேறி நாட்சம்பளத்தைக் கேட்டோம். காணியையும் வீட்டையும் கேட்டோம். கிளினிக் நாளுக்குச் சம்பளம் கேட்கும் நினைவு நமக்கு வரவில்லை. நோயுற்ற பிள்ளையோடு செல்லும் நாளைச் சம்பளத்தோடு கூடிய நாளாகவும், ஊக்கப்படிக்கு வருகையாகவும் கணக்கிட வேண்டும் எனச் சம்பளச் சபையையும் கம்பெனிகளையும் இனி வற்புறுத்துவோம். தமிழ்ப் பயிற்சித் தாளுக்கும் மாதாந்த வருகைக்கும் சுகாதார அமைச்சர் பொறுப்பு.

அதற்குக் கணக்கு வேண்டும். தோட்டக் கமிட்டித் தலைவர்கள், தத்தம் லயங்களில் இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேர் என்று நமக்கு எழுதுக. பெயர் வேண்டாம். வயது, தோட்டம், போகும் வைத்தியசாலை, கடைசியாகக் கிளினிக் போன மாதம், போகாவிடில் ஏன் போகவில்லை: இவை போதும்.