எக்செல் கோப்புக்கான தடை நீடிக்கும்

தானியங்கி மாற்றங்களை நிறுத்திவைக்கும் வசதியை 2023 அக்டோபரில் எக்செல்லில் மைக்ரோசாஃப்ட் சேர்த்தது முதல் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: துணைத்தரவை எக்செல் கோப்பாக அனுப்பக் கூடாது என்ற விதியை இனியாவது தளர்த்துவீர்களா? தளர்த்தப்போவதில்லை.

வசதி நல்லதுதான். ஆனால் அது கணினிக்குரிய அமைப்பு, கோப்போடு கூடவே போவதில்லை. நீங்கள் கவனமாக அணைத்துவைத்து உருவாக்கிய சிஎஸ்வி கோப்பை இணை ஆசிரியர் தம் மடிக்கணினியில் திறந்து சேமித்தால் போதும், கதை முடிந்தது. வாங்கியபடியே இருக்கும் எக்செல்லில் மாற்றங்கள் எல்லாம் இன்றும் இயங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

மரபணுப் பெயரை எக்செல் தேதியாக மாற்றிவிடும் பிழையைப் பற்றி ஊரே பேசியாயிற்று. மரபணுப் பட்டியலை எக்செல்லில் இணைத்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கெட்டிருப்பதாக 2016இல் ஸீமன் குழுவினர் காட்டினார்கள். 2020இல் மனித மரபணுப் பெயரிடல் குழு பணிந்துபோய், ‘மார்ச்1’ஐ ‘மார்ச்எஃப்1’ ஆக்கியது. விரிதாளுக்காக மரபணுப் பெயர் மாறிய கூத்தையும் பார்த்துவிட்டோம்.

தேதியாவது கண்ணில் படும். படாதது அறிவியல் குறியீடு. ரிக்கென் ஆய்வு நிறுவனத்தின் குளோன் அடையாளம் 2310009ஈ13ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ‘ஈ’ குழித்தட்டின் வரிசையைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. எக்செல் அதைப் பத்தின் அடுக்கு என்று வாசித்து, 2.31×10¹⁹ என்று காட்டுகிறது. சிஎஸ்வியாகச் சேமித்ததும் எஞ்சுவது அது மட்டுமே. 2310004ஈ13 என்ற வேறொரு குளோனும் அதே 2.31×10¹⁹தான். இரண்டும் ஒன்றென்று எண்ணி உங்கள் கணினி நிரல் சராசரி எடுத்துவிடும், எச்சரிக்கை கூட வராது. பக்கத்திலிருந்த டி வரிசைக்கும் எஃப் வரிசைக்கும் ஒன்றும் ஆகாது. ஈ வரிசைக்காரர்கள் மட்டும் எண்ணாகிப் போவார்கள். இப்படி மாறக்கூடிய ரிக்கென் அடையாளங்கள் குறைந்தது 2,000 என்று 2004இலேயே பிஎம்சி பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் இதழில் எழுதிவைத்தார்கள்.

2004! அணைக்கும் பொத்தான் வர ஏறக்குறைய இருபது ஆண்டுகள். அதுவரை நம் மேலிடங்கள் என்ன செய்தன? நிதி நல்குவோர் முன்னேற்ற அறிக்கையை எக்செல்லில் கேட்டார்கள். வரிசைப்படுத்தும் மையங்கள் முடிவை எக்செல்லில் அனுப்பின. பதினாறு இலக்க மாதிரி எண்ணில் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிட்டதே என்று கேட்டால், “கலத்தை அகலப்படுத்திப் பாருங்கள்” என்று பதில் வருகிறது. பதினைந்து இலக்கத்தோடு நின்றுவிடும் மென்பொருளில் கலத்தை அகலப்படுத்தினால் பதினாறாவது எங்கிருந்து வரும்? பிழை வந்தால் பழி மட்டும் ஆய்வு மாணவர் தலையில்.

ஆகவே விதி இதுதான். துணைத்தரவு தத்தல் பிரித்த உரைக்கோப்பாக வர வேண்டும். முதல் நெடுவரிசையில் என்செம்பிள் தரவுத்தளத்தின் அடையாளம் இருக்கட்டும். எழுத்தில் தொடங்குவதால் அதை எக்செல் தொடாது. ரிக்கென் அடையாளங்களைக் கையாள்வோர், அடையாள நெடுவரிசையில் தசமப்புள்ளி உள்ள வரி எதுவும் இல்லை என்று ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். எக்செல் கோப்பு வந்தால் மதிப்பாய்வுக்குப் போகாது, திரும்பி வரும். முந்தைய இதழ்களில் வெளியான அட்டவணைகளில் இப்பிழை இருந்தால் எழுதுங்கள். திருத்தத்தைக் கட்டணமின்றி வெளியிடுவோம்.