கால் மரத்தவருக்கு என்ன பதில்?

"மிஷனரிகள் தொழுநோயாளிகளின் புண் கழுவியதெல்லாம் ஆள் பிடிக்கத்தான். இத்தனை ஆஸ்பத்திரி இருக்கும் திருப்பூருக்கு அந்தக் கதை எதற்கு?" என்கிறார் நண்பர். மதமாற்றம் பற்றி அவர் தாராளமாகக் கேட்கட்டும். அதைச் சாக்கிட்டு ஒரு வைத்திய அறிவையே தூக்கி எறியச் சொல்வதை ஏற்க மாட்டேன்.

கொல்லிமலையில் மிஷனரி தம்பதிக்கு 1914-இல் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்தார். தொழுநோயாளியின் பாதம் நோயாலேயே அழுகுகிறது என்று அன்று நம்பினார்கள். இல்லை, மரத்த காலில் வலி தெரியாமல் நடந்து நடந்தே புண்ணாகிறது என்று அவர் காட்டினார். வைத்தியம்? மாவுக்கட்டு, ஓய்வு, ஆறியபின் மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பு. 1966-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனவர், அதே பாடத்தைச் சர்க்கரை நோயால் மரத்த கால்களுக்கும் கொண்டுபோனார்.

இனி பனியன் கம்பெனிக்கு வாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, செக்கிங் மேசையில் நாள் முழுக்க நிற்பவர், பல வருடச் சர்க்கரை. செருப்பைத் துளைத்து ஏறிய ஒடிந்த ஊசி, ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. கட்டிங் வேஸ்ட் துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் ஷிப்ட்டுக்கு வந்தார். விலை கூடிய களிம்பு எழுதிக் கொடுத்தார்கள்; காலை ஊன்றாதே என்று ஒருவரும் சொல்லவில்லை.

நண்பரே, வேலூரில் புண் கழுவியவர்களின் நோக்கத்தை விசாரியுங்கள். கூடவே, அந்த அக்காவுக்கு ஒரு ஸ்டூலும் சரியான செருப்பும் சம்பளத்தோடு நான்கு வார ஓய்வும் கேட்டு என்னோடு கம்பெனி வாசலுக்கு வாருங்கள்.