கால்குலேட்டருக்குள் ஒளிந்திருந்த வாத்தியார்!

மதுரையில் ஒரு பரீட்சை நாள். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டியில் இருந்து பஸ் ஏறி வந்த என்ஜினீயரிங் மாணவர்கள் ஹால் வாசலில் வரிசையாக நிற்கிறார்கள்.

எல்லோர் கையிலும் ஒரு கால்குலேட்டர் இருக்கிறது.

கண்காணிப்பாளர் அதை வாங்கிப் பார்க்கிறார். மூடியைக் கழற்றுகிறார். உள்பக்கத்தில் சூத்திரம் ஏதாவது பென்சிலால் எழுதப்பட்டு இருக்கிறதா என்று பார்க்கிறார். இல்லை என்றால், "உள்ளே போ" என்கிறார்.

இந்தச் சோதனை இனிமேல் போதுமா? 2024-ம் ஆண்டு நடந்த ஒரு சம்பவம் இந்தக் கேள்வியை எழுப்பி இருக்கிறது.

உள்ளே என்ன இருந்தது?

வரைபடம் போடும் கால்குலேட்டர் என்று ஒரு வகை உண்டு. கணக்கைக் கொடுத்தால், அதன் கோட்டைச் சின்னத் திரையில் வரைந்து காட்டும். ஜப்பானின் காசியோ கம்பெனி 1985-ம் ஆண்டு இதை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. அமெரிக்காவில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கம்பெனியின் கால்குலேட்டர் பள்ளிக்கூடம் தோறும் இருக்கிறது. பரீட்சைக்கும் எடுத்துப் போகலாம்.

அந்தக் கம்பெனியின் கால்குலேட்டர் ஒன்றை ஒருவர் திருகாணி கழற்றித் திறந்தார். கட்டை விரல் அளவு உள்ள ஒரு மின் பலகையை உள்ளே வைத்தார். அது வைபை மூலம் இன்டர்நெட்டைப் பிடிக்கும் பலகை. பிறகு பழையபடி மூடிவிட்டார்.

வெளியே பார்த்தால் பழைய கால்குலேட்டர்தான். ஆனால் கேள்வியைத் தட்டினால், சாட்ஜிபிடி பதில் சொல்கிறது!

செய்த விதத்தை அவர் படம் பிடித்து யூடியூப்பில் வெளியிட்டார். உலகம் முழுவதும் பேச்சு ஆகிவிட்டது.

ஏமாந்த எந்திரம்

இது எப்படி முடிந்தது?

இந்தக் கால்குலேட்டரில் ஒரு சிறு துவாரம் உண்டு. அதில் வயரைச் சொருகி, ஒரு கால்குலேட்டரில் இருந்து இன்னொன்றுக்குக் கணக்கை அனுப்பலாம். அந்தத் துவாரத்துக்குப் போகும் கம்பிகளில் புதுப் பலகையைப் பற்ற வைத்தார்கள். இன்னொரு கால்குலேட்டரோடு பேசுவதாகவே அந்த எந்திரம் நினைத்துக் கொண்டது.

ஒரு சிக்கலும் இருந்தது. கால்குலேட்டரின் கம்பியில் ஓடுவது 5 வோல்ட். புதுப் பலகை தாங்குவது 3.3 வோல்ட். நேராக இணைத்தால் பலகை கெட்டுப் போகும். ஆகவே நடுவில் டிரான்சிஸ்டர் வைத்தார்கள்.

இதைச் செய்ய மூளை வேண்டும், கைப்பழக்கமும் வேண்டும். அதை மறுக்க முடியாது.

பழைய பொழுதுபோக்கு

கால்குலேட்டரைப் பிரித்துப் பார்ப்பது புதிய பழக்கம் அல்ல. மாணவர்கள் பல ஆண்டுகளாகவே இதைச் செய்து வருகிறார்கள். சிலர் கெப்பாசிட்டரை மாற்றி வேகத்தைக் கூட்டினார்கள். (பாட்டரி சீக்கிரம் தீர்ந்தது!) சிலர் இருட்டில் தெரியும்படி திரைக்குப் பின்னால் விளக்கு வைத்தார்கள்.

2009-ம் ஆண்டு ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார். கம்பெனி போட்டிருந்த ரகசியப் பூட்டு, 150-க்கு மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட ஒரு எண். வீட்டுக் கம்ப்யூட்டரை 73 நாள் ஓட விட்டு, அந்த எண்ணை அவர் உடைத்து விட்டார். கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது.

2020-ம் ஆண்டு கம்பெனி தன் புதிய கால்குலேட்டர்களில், எந்திர மொழியில் புரோகிராம் எழுதும் வசதியை நிறுத்தியது. காப்பி அடிக்க நினைத்தவனுக்குக் கதவு மூடியது. ஆனால் அந்தக் கதவு வழியாகத்தான் பல பையன்கள் புரோகிராம் எழுதக் கற்றுக் கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் சேர்த்தே மூடியது.

நம் ஊரில் எப்படி?

தமிழ்நாட்டில் பிளஸ்-2 மாணவருக்குக் கணிதப் பரீட்சையில் கால்குலேட்டர் கிடையாது. மடக்கை அட்டவணைதான் துணை. என்ஜினீயரிங் பரீட்சையில், புரோகிராம் போட முடியாத கால்குலேட்டருக்கு மட்டுமே அனுமதி. "கேட்" பரீட்சையில் கால்குலேட்டர் கம்ப்யூட்டர் திரையிலேயே வந்துவிடுகிறது. கையில் ஒன்றும் கொண்டு போக முடியாது.

பிரான்ஸ் நாட்டில் வேறு ஏற்பாடு. பள்ளி இறுதிப் பரீட்சையில் கால்குலேட்டரின் மேல் ஒரு சிறு விளக்கு மின்ன வேண்டும். நினைவில் இருப்பதை அது பூட்டிவிட்டது என்று அர்த்தம். ஆனால் பலகையையே மாற்றத் தெரிந்தவனுக்கு ஒரு விளக்கை மின்ன வைப்பது பெரிய காரியமா? இந்த விஷயத்தில் நம் ஊர் ஏற்பாடுதான் கெட்டி.

அதற்காக நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது. 2017-ம் ஆண்டு அக்டோபரில் சென்னை எழும்பூரில் சிவில் சர்வீஸ் பரீட்சை நடந்தது. அதை எழுதிய பயிற்சி ஐ.பி.எஸ். அதிகாரி ஒருவர் கைது செய்யப்பட்டார். சட்டைக்குள் சிறு காமிரா, காதில் புளூடூத், பதில் வந்தது ஐதராபாத்தில் இருந்து என்று போலீசார் தெரிவித்தார்கள்.

2024-ம் ஆண்டு ஜூன் 21-ந் தேதி மத்திய அரசின் புதிய சட்டம் அமலுக்கு வந்தது. சிவில் சர்வீஸ், ரெயில்வே, பாங்கி வேலை, "நீட்" போன்ற பரீட்சைகளில் மோசடி செய்தால் 3 முதல் 5 ஆண்டு ஜெயில். 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். பரீட்சை எழுதுகிறவர் மீது, பரீட்சை நடத்தும் அமைப்பு தன் விதிப்படி நடவடிக்கை எடுக்கும். கல்லூரிப் பரீட்சைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே கண்காணிப்பாளரின் கண்தான் காவல்.

தவறு எங்கே?

வீட்டில் மகன் கால்குலேட்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தால், பெற்றோர் பயப்பட வேண்டியது இல்லை. திருகாணி கழற்றுவது குற்றம் அல்ல. பிரித்ததை மறைத்துப் பரீட்சை ஹாலுக்குள் கொண்டு போவதுதான் குற்றம். பக்கத்தில் அமர்ந்து, இரவெல்லாம் கண் விழித்துப் படித்ததை எழுதுகிறானே, அவனுடைய மார்க்கை அது திருடுகிறது.

இப்படிப்பட்ட பையன்களுக்காகவே மத்திய அரசு 2016-ம் ஆண்டு "அடல் டிங்கரிங் லேப்" திட்டத்தைத் தொடங்கியது. தேர்வு பெற்ற பள்ளிக்கூடத்துக்கு 20 லட்சம் ரூபாய் வரை உதவி என்று அப்போது அறிவிக்கப்பட்டது. 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை உள்ள மாணவர்கள் எந்திரங்களைப் பிரித்தும் பூட்டியும் பழகலாம்.

பையனின் பள்ளிக்கூடத்தில் அது இருக்கிறதா என்று பெற்றோர் விசாரிக்கலாம். இருந்தும் பூட்டிக் கிடந்தால், திறக்கும்படி தலைமை ஆசிரியரிடம் கேட்கலாம். பிரித்துப் பார்க்கத் துடிக்கும் கைக்குப் பகலில் ஒரு மேஜை கிடைத்தால், அது பரீட்சை ஹாலில் ஒளிந்து வேலை செய்யத் தேவை இருக்காது.