ரயில் நேரத்துக்கு ஒரு காப்பகம்

மாரிகுப்பத்தில் கிளம்பும் ரயில் சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று நின்று நின்று ஆளை ஏற்றிக்கொண்டு, பங்காருபேட்டை வழியாகப் பெங்களூருக்குப் போகிறது. ஏறத்தாழ 90 கிலோமீட்டர். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு, கோலார் தங்கவயலில் எத்தனையோ வீட்டு அடுப்பு எரிவது இந்த ரயிலை நம்பித்தான். விடியுமுன் ஓடிப்போய் ஏறி, இருட்டிய பின் இறங்கும் தாய் தகப்பனுக்குக் கைக்குழந்தை இருந்தால்?

சுரங்கம் ஓடிய நாளில் இந்தக் கேள்வி இவ்வளவு கூர்மையாக எழவில்லை. பெண்கள் பூமிக்கடியில் இறங்கி வேலை செய்யச் சட்டம் தடை போட்டிருந்தது. சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒரு வீட்டுப் பிள்ளை அழுதால் நாலு வீட்டுக்குக் கேட்கும், யாராவது ஒருத்தர் தூக்கிக்கொள்வார்கள். இன்று அந்த நாலு வீட்டுப் பெண்களும் ரயிலில் இருக்கிறார்கள். பாட்டிக்கு முழங்கால் வலி, தாத்தாவுக்குச் சுரங்கத் தூசி தந்த மூச்சிரைப்பு. அதனால்தான் காசு கொடுத்துப் பிள்ளையை விடும் பேபி சிட்டிங்கைத் தேடுகிறார்கள்.

தேடும்போது முதலில் விசாரிப்பது கட்டணத்தைத்தான் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். இங்கே நேரம்தான் முதல் கேள்வி. காலை ஒன்பதரைக்குத் திறந்து மாலை ஆறுக்குப் பூட்டும் காப்பகம், உள்ளூரில் வேலை பார்ப்பவருக்குச் சரி. ரயில் பிடிப்பவருக்கு அதன் இரண்டு முனையிலும் ஆள் வேண்டும்: காலையில் கொண்டுபோய் விட ஒருவர், மாலையில் கூட்டிவர இன்னொருவர். அங்கன்வாடி இருக்கிறதே என்றால், அது மாலைக்குள் முடிந்துவிடும். பால்குடி மறக்காத பிள்ளையை நாள் முழுக்க வைத்துக்கொள்ளும் ஏற்பாடும் பெரும்பாலும் கிடையாது.

அடுத்து, இடம். தங்கவயல்காரர்கள் மட்டும் பார்க்கும் விஷயம் ஒன்று உண்டு. தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய சயனைடு மண்மேடுகள் இன்னும் ஊரை ஒட்டி நிற்கின்றன. காற்றுக் காலத்தில் அந்தத் தூசி எந்தப் பக்கம் அடிக்கும் என்பது இங்கே பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். சுவரில் எத்தனை பொம்மை வரைந்திருக்கிறார்கள் என்பதைவிட ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்ப்பது நல்ல புத்தி. ஒரு ஆயாவிடம் எத்தனை பிள்ளைகள், கழிப்பறை எப்படி, சொல்லாமல் கொள்ளாமல் போனால் உள்ளே விடுவார்களா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. தமிழில் கொஞ்சுவதா, கன்னடமா, இங்கிலீஷா என்ற கவலையும் சிலருக்கு உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது? 2017-இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம், 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றது. நல்ல சட்டம். ஆனால் அந்தக் காப்பகம் இருப்பது பெங்களூரில், வேலை செய்யும் இடத்தருகே. நிற்கவும் இடமில்லாத பெட்டியில் ஒரு வயதுப் பிள்ளையைத் தினமும் அவ்வளவு தூரம் போகவரச் சுமக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? கர்நாடக அரசு 2023-இல் அறிவித்த ‘கூசின மனெ’ காப்பகங்களோ கிராமப் பஞ்சாயத்துகளுக்கானவை, நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளுக்காக. தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டை நகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் அதிலும் சேர்த்தியில்லை.

ஆறு வயதுக்குள் மூளை வளர்ச்சியில் 85 விழுக்காட்டுக்கு மேல் நடந்துவிடுகிறது என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை எழுதிவைத்திருக்கிறது. அந்த வயதில் ஒரு பிள்ளையின் பகல் பொழுது முழுவதும் பெற்றோரின் சம்பளத்தையும் அதிர்ஷ்டத்தையும் பொறுத்தே அமைவது நியாயமில்லை.

நகராட்சி மனம் வைத்தால் உரிகத்திலோ மாரிகுப்பத்திலோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு காப்பகம் தொடங்கலாம். முதல் ரயிலுக்கு முன் திறந்து, கடைசி ரயிலுக்குப் பின் மூட வேண்டும். தங்கவயல் பெண்களை வேலைக்கு வைத்திருக்கும் பெங்களூர் நிறுவனங்கள் தங்கள் காப்பகச் செலவில் ஒரு பங்கை இங்கே கொடுக்கட்டும். வார்டு கவுன்சிலர் அடுத்த முறை வாசலுக்கு வரும்போது, தண்ணீர், சாக்கடையோடு சேர்த்து இதையும் கேளுங்கள்.